நீலப்பறவை முதல் திரி சாரணியர் வரை: கேட்டதும் சொன்னதும்

பெண் பிள்ளைகளைச் சாரணியர் இயக்கத்தில் சேர்ப்பது பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். பள்ளியில் கைடு கேப்டனாக, அதாவது சாரணியர் படையை நடத்தும் ஆசிரியையாக இருப்பவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை 'நீலப்பறவை'யில் சேர்க்கச் சொல்லிப் பள்ளியில் படிவம் கொடுத்தார்கள். அது என்ன அக்கா? இந்த வயதில் காக்கிச் சட்டை, அணிவகுப்பு எல்லாம் தேவையா? (ஒரு அம்மா, ஈரோடு)

காக்கியும் இல்லை, அணிவகுப்பும் இல்லை, பயப்படாதீர்கள். பாரத சாரண சாரணியர் இயக்கத்தில் பெண்களுக்கு வயதுவாரியாகப் பிரிவுகள் உண்டு. மழலையர் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'பன்னி' (Bunny, ஆங்கிலத்தில் முயல்குட்டி). ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, பத்து வயது வரை, புல்புல். இதைத்தான் நம் ஊரில் நீலப்பறவையர் என்கிறோம். பத்து வயதிலிருந்து பள்ளி முடியும் வரை கைடு, அதாவது சாரணியர். பதினைந்து, பதினாறு வயதுக்கு மேல் 25 வரை ரேஞ்சர், திரி சாரணியர்.

நீலப்பறவையில் ஆறு ஆறு பேராகப் பிரித்து, கதை, பாட்டு, விளையாட்டு என்றே எல்லாம் நடக்கும். தன் பையைத் தானே அடுக்குவது, பொத்தான் தைப்பது, வீட்டு முகவரியைத் தவறில்லாமல் சொல்வது, சின்னக் காயத்தைக் கழுவிக் கட்டுவது, இவ்வளவுதான் பாடம். கோமல் பங்க், ரஜத் பங்க், ஸ்வர்ண பங்க், ஹீரக் பங்க் என்று படிப்படியாக இறகுச் சின்னங்கள் கிடைக்கும். அந்த இறகுக்காகவே பிள்ளைகள் பாத்திரம் கூடத் தேய்ப்பார்கள். அனுபவியுங்கள், ரொம்ப நாள் நீடிக்காது.

சாரணர் இருக்கும்போது பெண்களுக்குத் தனியாக ஏன்? (கல்லூரி மாணவி, மதுரை)

பெண்கள் கேட்டு வாங்கியது இது. 1909இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் சாரணச் சிறுவர்களைக் கூட்டியபோது, அழைக்காமலே சில சிறுமிகளும் சீருடை மாதிரி ஏதோ உடுத்திக்கொண்டு வந்து நின்றார்கள். தாங்களும் சாரணர்கள்தான் என்றார்கள். அடுத்த ஆண்டே பெண்களுக்குத் தனி அமைப்பு உருவானது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பேற்றார். இந்தியாவில் 1911இல் ஜபல்பூரில் முதல் படை தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1950இல் சாரண அமைப்புகள் ஒன்றாகி, 1951 ஆகஸ்ட் 15 அன்று பெண்கள் அமைப்பும் வந்து சேர்ந்தது. அதனால் இங்கே இயக்கம் ஒன்று, படைகள் வேறு வேறு.

தனிப் படை வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். பதின்மூன்று வயதில் பையன்களும் பெண்களும் கலந்த குழுவில் கூடாரம் கட்டச் சொல்லிப் பாருங்கள். சுத்தியலைப் பையன் எடுப்பான், கரண்டியைப் பெண் எடுப்பாள். பெண்கள் மட்டும் இருக்கும் இடத்தில் சுத்தியலையும் அவர்களில் ஒருத்திதான் எடுத்தாக வேண்டும்.

மிஸ், நான் எட்டாவது. எங்க ஸ்கூல்ல கைடுன்னா ஆண்டு விழாவுல வாசல்ல நின்னு பன்னீர் தெளிக்கிறது, சீஃப் கெஸ்ட்டுக்குச் சால்வை தட்டு பிடிக்கிறது, அவ்வளவுதான். இதுக்கா சேர்ந்தேன்னு இருக்கு. (மாணவி, திருவண்ணாமலை)

கேட்டதற்கு ஒரு சபாஷ், கண்ணு. இந்த வியாதி நிறையப் பள்ளிகளில் இருக்கிறது. சந்தனக் கிண்ணம் பிடிக்கப் பயிற்சி தேவையில்லை.

படை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன். ஆறிலிருந்து எட்டுப் பேர் ஓர் அணி. அந்த அணிக்குத் தலைவி, உதவித் தலைவி உங்களில் இருவர். அடுத்த மாதம் எங்கே நடைப்பயணம், முகாமில் என்ன சமையல், சந்தாப் பணத்தில் கயிறு வாங்கலாமா, முதலுதவிப் பெட்டி வாங்கலாமா, இதையெல்லாம் முதலில் அணிக்குள் பேச வேண்டும். பிறகு அணித் தலைவிகள் கூடும் கோர்ட் ஆஃப் ஹானரில் முடிவெடுக்க வேண்டும். கேப்டன் அங்கே இருப்பார், ஆலோசனை சொல்வார். ஆபத்தான முடிவு என்றால் தடுப்பார். மற்றபடி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமான வேலை.

நீ செய்ய வேண்டியது: உங்கள் கேப்டனிடம் குறை சொல்லிக்கொண்டு போகாதே. "மிஸ், அணித் தலைவிகள் கூட்டம் ஒன்று நடத்தலாமா? ஒரு பகல் நடைப்பயணத்துக்கு நாங்களே திட்டம் எழுதித் தருகிறோம்" என்று கேள். வழி, தூரம், தண்ணீர், செலவு, யார் யாருக்கு என்ன வேலை, எல்லாம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடு. தாளில் எழுதியதை மறுப்பது ஆசிரியர்களுக்குச் சங்கடம். எனக்கும்தான். பிரவேஷ் என்ற நுழைவுநிலை முடித்திருந்தால், அடுத்த படிகளான பிரதம சோபான், த்விதிய சோபான் தேர்வுகள் எப்போது என்றும் அப்படியே கேட்டு வை. மூன்றாம் படியான த்ரிதிய சோபான் தாண்டினால்தான் ராஜ்ய புரஸ்கார் என்ற மாநில விருது.

வெளியூர் முகாமில் இரவு தங்க மகளை அனுப்பலாமா? நாளிதழ்களில் வரும் செய்திகளைப் படித்தால் மனசு ஒப்பவில்லை. (ஒரு அப்பா, விழுப்புரம்)

ஒப்பாமல் இருப்பது நியாயம்தான், சார். நம்பச் சொல்ல மாட்டேன், விசாரிக்கச் சொல்வேன். பெண்கள் படைக்குப் பொறுப்பு ஒரு பெண்மணியா? இரவில் பெண் தலைவர்கள் குறைந்தது இரண்டு பேராவது உடன் தங்குகிறார்களா? முகாமைப் பற்றி மாவட்ட அமைப்புக்குத் தெரியுமா? மாவட்ட அலுவலகத்தில் நீங்களே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பெற்றோரின் ஒப்புதலை எழுத்தில் வாங்குகிறார்களா? கழிப்பறை எங்கே, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் அந்த வழியில் விளக்கு எரியுமா? அருகில் எந்த மருத்துவமனை?

இதையெல்லாம் கேட்டால் நல்ல கேப்டன் சந்தோஷப்படுவார். எரிச்சல்பட்டால், "போன வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்று சொன்னால், அனுப்பாதீர்கள். யாராக இருந்தாலும் மகளோடு தனியாக ஓர் அறையில் இருக்கக் கூடாது என்பதையும், பிடிக்காதது எதுவானாலும் எந்நேரமும் உங்களுக்கு போன் செய்யலாம் என்பதையும் அவளிடமே சொல்லி அனுப்புங்கள்.

முகாம் தேதியில் மாதவிலக்கு வந்தால்? (அதே அப்பா, "மனைவி கேட்கச் சொன்னார்" என்று)

எல்லாரையும் போல எல்லாவற்றிலும் கலந்துகொள்ளலாம். கூடுதலாக இரண்டு உள்ளாடை, போதுமான நாப்கின், சுற்றிப் போடப் பழைய நாளிதழ். அதை எங்கே போடுவது என்று முதல் நாளே கேப்டன் எல்லாருக்கும் சொல்லிவிட வேண்டும். தீட்டு என்று யாராவது ஓரமாக உட்கார வைத்தால் அடுத்த முறை வேறு படை பாருங்கள்.

நாங்கள் பகுத்தறிவுக் குடும்பம். உறுதிமொழியில் 'கடவுளுக்கு' என்று வருகிறதாமே? (தாய், தஞ்சாவூர்)

வருகிறது. விரும்பினால் அந்த இடத்தில் 'தர்மம்' என்று சொல்லலாம், இயக்க விதியே அனுமதிக்கிறது. உறுதிமொழி எடுக்கும் நாளுக்கு முன்பே கேப்டனிடம் சொல்லிவிடுங்கள். மேடையில் வைத்துச் சொன்னால் பிள்ளைதான் முழிப்பாள்.

என்.சி.சி., என்.எஸ்.எஸ்., கைடு: எதில் சேர்ந்தால் பிரயோஜனம்? (ப்ளஸ் ஒன் மாணவி, நாமக்கல்)

ராணுவம், விமானப்படை என்று கனவு இருந்தால் யோசிக்காமல் என்.சி.சி. அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருகிறது. கல்லூரியில் 'சி' சான்றிதழ் வாங்கினால் அதிகாரியாகச் சேர எழுத்துத் தேர்வில்லாத சிறப்பு வழி இருக்கிறது. என்.எஸ்.எஸ். இரண்டு ஆண்டில் 240 மணி நேர சேவையும் ஏழு நாள் சிறப்பு முகாமும். ஊர் மக்களோடு பழக அதைவிட நல்ல வழி குறைவு. கைடில் சேர்ந்தால் ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டுதான், ஆனால் அதற்காக மட்டும் சேராதே. இடங்கள் குறைவு, விருதும் வேண்டும்.

என்னைக் கேட்காமலே கைடு பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார்கள். ஒன்றும் தெரியாது. முதல் வாரம் என்ன செய்வது? (ஆசிரியை, சிவகங்கை)

கட்டாயப்படுத்தித்தான் பாதிப் பேர் உள்ளே வருகிறோம், டீச்சர். மாவட்டச் செயலரிடம் கேட்டு அடிப்படைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள். முதல் வாரத்துக்கு ஒரே ஒரு முடிச்சு போதும், ரீஃப் நாட். வலது முனையை இடதின் மேல் போட்டுச் சுற்றுங்கள், பிறகு இடது முனையை வலதின் மேல். சரியாக வந்தால் தட்டையாகப் படுத்திருக்கும். அதனால்தான் கட்டுப் போடும்போது உடம்பில் உறுத்தாது. இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சு குறுக்கே திருகி நிற்கும், இழுத்தால் நழுவும். அவிழ்க்க, ஒரு முனையை அதே பக்கத்துக் கயிற்றோடு எதிர்த் திசையில் வெடுக்கென்று இழுங்கள், மற்றது உருவி வந்துவிடும்.

பிள்ளைகள் கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃபை விரித்தால் முக்கோணத் துணி. கை உடைந்தவர் போல ஒருத்தியை உட்கார வைத்து, அதையே தொட்டிலாகக் கட்டி, கழுத்துக்குப் பக்கவாட்டில் இந்த முடிச்சைப் போடச் சொல்லுங்கள். முதல் கூட்டத்துக்கு நாற்பது நிமிடம் ஓடிவிடும். அடுத்த வாரம் அவர்களே "மிஸ், இன்னைக்கு என்ன?" என்று வந்து நிற்பார்கள்.

வயது 20. பள்ளியில் கைடாக இருந்தேன், இப்போது வேலைக்குப் போகிறேன். இனி வழியில்லையா? (கோவை)

25 வரை திரி சாரணியராக இருக்கலாம், கல்லூரியில் படிக்க வேண்டிய அவசியமில்லை. பள்ளி சாராத திறந்த படைகள் உங்கள் மாவட்டத்தில் உண்டா என்று விசாரியுங்கள். இன்னொன்று, உலகப் பெண் சாரணியர் சங்கத்தின் ஐந்து மையங்களில் ஒன்றான 'சங்கம்' புனேயில் இருக்கிறது, 1966இல் திறந்தது. மற்றவை சுவிட்சர்லாந்திலும் லண்டனிலும் மெக்சிகோவிலும் இருக்கின்றன. ஆப்பிரிக்காவுக்கான ஐந்தாவது மையத்துக்கு நிலையான கட்டடம் இல்லை, நாடு நாடாகப் போகும். வெளிநாட்டுப் பெண்கள் விமானமேறி வரும் இடம் உங்களுக்கு ஒரு ரயில் பயணம்தான். விடுப்பு கிடைக்கும் மாதத்தைப் பார்த்துக்கொண்டு, என்ன நிகழ்ச்சி இருக்கிறது என்று அவர்களுக்கே எழுதிக் கேளுங்கள்.