இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி சிங்கப்பூரில் தீர்ப்பு சொல்ல முடியுமா?

முடியும், ஓய்வுபெற்ற பிறகு. 2015-இல் தொடங்கிய சிங்கப்பூர் அனைத்துலக வர்த்தக நீதிமன்றத்தில் வெளிநாட்டு நீதிபதிகளும் அமரலாம். எல்லை தாண்டிய வணிக வழக்குகள்தான் அங்கே வரும். பக்கத்து வீட்டுச் சண்டையெல்லாம் போகாது.

ஏ.கே. சிக்ரி அப்படி வந்தவர். டெல்லியில் வழக்கறிஞராக இருந்து, 1999-இல் அங்கேயே உயர் நீதிமன்ற நீதிபதியானார். 2013-இல் உச்ச நீதிமன்றம். 2018-இல் ஆதார் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் இவரே: ஆதார் செல்லும், ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் கட்டாயமாக்கக் கூடாது.

இந்திய உச்ச நீதிமன்றத்தில் 65 வயதில் ஓய்வு. அப்புறம் இந்திய நீதிமன்றங்களில் வாதாட அரசமைப்புச் சட்டம் விடாது. 2019 மார்ச்சில் ஓய்வுபெற்ற சிக்ரி, அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கே சிங்கப்பூரில் அனைத்துலக நீதிபதியானார்.