கேமராவில் விரல் வைத்தால் சர்க்கரை அளவு தெரியுமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மகன் போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தான். கேமராவில் விரலை வைத்தால் சர்க்கரை அளவு சொல்கிறது. தினமும் 110 பக்கம்தான் காட்டுகிறது. இனி விரலில் குத்திப் பார்ப்பதை விட்டுவிடலாமா? செயலியில் பேசும் ஆலோசகர் மாத்திரையையும் மெல்ல நிறுத்தலாம் என்கிறார்.

பதில்: இரண்டையும் விடாதீர்கள். முதலில் அந்தச் செயலியைப் போனிலிருந்து நீக்குங்கள்.

கேமராவால் நாடித்துடிப்பைப் பிடிக்க முடியும். ஒவ்வொரு துடிப்புக்கும் விரல் நுனியில் ரத்தம் கூடிக் குறைவதால் நிறம் லேசாக மாறும், அதை எண்ணிவிடலாம். சர்க்கரை ஏறி இறங்குவது அப்படிக் கேமரா வழியே தெரியாது. பிறகு எண் எங்கிருந்து வருகிறது? ஒருவர் என்னிடம் 108, 112, 115 என்று ஒரு மாதக் கணக்கைக் காட்டினார். அங்கேயே விரலில் குத்திப் பார்த்தேன்: 268. அவர் போனை வாங்கி மேஜை விரிப்பின் மேல் வைத்தேன். விரிப்புக்கும் 111 என்றது!

தோலைத் துளைக்காமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் கடிகாரம், மோதிரம் எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. எச்சரித்து என்ன பயன்? போலி மாத்திரை விற்றால் வழக்கு உண்டு. பொய் எண் காட்டும் செயலியை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருக்கிறார்கள்.

கையில் ஒட்டும் சென்சார் வேறு சங்கதி. அதன் மெல்லிய இழை தோலுக்குள் போய் அங்குள்ள திரவத்தில் சர்க்கரையை அளக்கிறது, போன் அந்த எண்ணை வாங்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் ரத்தத்தில் ஏற்படும் மாற்றம் அந்தத் திரவத்துக்கு வந்து சேர ஐந்து முதல் பதினைந்து நிமிடம் ஆகலாம். சர்க்கரை வேகமாக இறங்கும்போது ரத்தத்தில் 65 இருக்க, சென்சார் 85 காட்டக்கூடும். அதனால் வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் போனைப் பார்த்துச் சமாதானம் ஆகாதீர்கள், விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

அந்த ஆலோசகர் யார், என்ன படித்தவர் என்று கேட்டீர்களா? மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இப்படிப்பட்டவர்கள், அடுத்த வாரமே ஒரு பொடியையோ சந்தாத் திட்டத்தையோ வாங்கச் சொல்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை உங்கள் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அதுவும் மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைப் பார்த்து.

சரி, செயலியே வேண்டாமா? குறித்துவைக்க நல்லது. குளுக்கோமீட்டர் காட்டும் எண், அன்று சாப்பிட்டது, மாத்திரை போட்ட நேரம், இந்த மூன்றையும் பதியும் சாதாரணச் செயலி போதும். அலகு மட்டும் மீட்டரில் உள்ளதுதானா என்று ஒருமுறை பாருங்கள். ஒரே அளவை ஓர் அலகில் 112 என்றும் இன்னொன்றில் 6.2 என்றும் காட்டுவார்கள்.

மருத்துவர் உங்கள் போனைத் திறந்து பார்ப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கும் நம் மருத்துவமனை முறையில் அதற்கு நேரமே கிடையாது. இரண்டு வாரக் கணக்கை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய், உட்கார்ந்ததும் அவர் கையில் கொடுங்கள்.