பலாலியில் இறங்குகிறோம், அம்மாவின் வளவைப் பார்க்க முடியுமா?

கேள்வி: டொரொண்டோவிலிருந்து 74 வயது அம்மாவுடன் சென்னை வழியாக யாழ்ப்பாணம் போகிறோம். அவர் பிறந்தது, விமான நிலையம் இருக்கும் பலாலிக்குப் பக்கத்து ஊரான வசாவிளான், 1990இல் வெளியேறியவர். பலாலி என்ற பெயரே அவருக்குப் பயம். அங்கே இறங்குவது சரியா? வீட்டைப் பார்க்கலாமா?

பதில்: இறங்கலாம். அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 1998 செப்டெம்பரில் பலாலியிலிருந்து புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து 55 பேர் இறந்ததை அந்தத் தலைமுறை மறக்காது. ஆனால் போர் முடிந்தது 2009இல். சர்வதேச விமான நிலையமாகப் பலாலி திறந்தது 2019 ஒக்டோபரில். கொரோனாவால் நின்ற சென்னைச் சேவையும் 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிவிட்டது.

முதலில் சென்னையைக் கவனியுங்கள், பலர் தடுக்கி விழுவது அங்கேதான். இரண்டு விமானங்களுக்கும் தனித்தனி டிக்கெட் என்றால், பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க நீங்கள் இந்தியக் குடிவரவைத் தாண்டி வெளியே வரவேண்டும். கனடாக் கடவுச்சீட்டுக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். திரும்பும்போதும் சென்னைதான் என்பதால், ஒருமுறை மட்டும் நுழைய விடும் விசா போதாது. இலங்கைக்கான இ.டி.ஏ. என்ற இணையவழிப் பயண அனுமதியையும் அரசாங்கத் தளத்திலேயே முன்கூட்டி எடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து வருவது ஏறத்தாழ எழுபது பேர் ஏறும் சின்ன ஏ.டி.ஆர் விமானம். கனடாவிலிருந்து கொண்டுவரும் பெட்டிகளின் எடை இதில் செல்லாது. கூடுதல் கிலோவுக்குக் காசு கட்டவேண்டி வரும். படியில் ஏறி இறங்கவேண்டும், ஆகவே சக்கர நாற்காலியை டிக்கெட் போடும்போதே கேளுங்கள். நவம்பர், டிசம்பர் மழையில் சேவை தடைப்படலாம். டொரொண்டோ விமானத்துக்கு ஒரு நாளாவது முன்னதாகச் சென்னை திரும்பிவிடுங்கள்.

அப்புறம், அங்கே விமானப்படையும் இருக்கிறது. சன்னலோரம் இருந்து போனில் படம் எடுக்க வேண்டாம், அம்மா ஆசைப்பட்டாலும்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். 35 வருடம் மூடிக்கிடந்த வசாவிளான்–பலாலி வீதி 2025 ஏப்ரலில் திறந்தது. திறந்தபோதே நிபந்தனைகளும் வந்தன: காலை 6 முதல் மாலை 5 வரைதான், நடந்து போகக்கூடாது, இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது. எனவே வளவு இராணுவ வேலிக்கு உள்ளே இருந்தால் வாகனத்தில் கடந்துபோகத்தான் முடியும், இறங்க முடியாது. வசாவிளானில் இராணுவம் விடுவித்த காணிகளும் உண்டு. அம்மாவுடையது எந்தப் பக்கம் என்பதைப் பயணத்துக்கு முன்பே உறவினர் மூலம் கிராம அலுவலரிடம் கேட்டு வையுங்கள். வாசலில் போய் நின்று தெரிந்துகொள்வதை அந்த வயதில் அவருக்கு வைக்காதீர்கள்.

காணி உறுதியின் பிரதி இருந்தால் கொண்டுபோங்கள். விடுவிக்காத காணி என்றால், அம்மா ஊரில் நிற்கும்போதே தெல்லிப்பழை பிரதேச செயலகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போய், உரிமையாளராக அவருடைய பெயர் பதிவில் இருக்கிறதா என்று பாருங்கள். பலாலி விமான நிலைய ஓடுபாதையை நீட்டுவதற்கும் அந்தப் பகுதி மக்களின் காணிதான் பேச்சில் அடிபடுகிறது. வாகனத்தைக் காலை பத்து மணிக்குள் பிடித்துவிட்டால், செயலக வேலையும் முடியும், ஐந்து மணிக்கு முன் அந்த வீதியால் ஒருதரம் மெதுவாகவும் போய்வரலாம்.