ஸ்பிட்ஃபயரின் சுக்கானில் சில்வர் தெரியுமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயர் மார்க் 1இன் மாடல் ஒன்றை 1/48 அளவில் செய்து முடித்திருக்கிறேன். 1940 பிரிட்டன் வான்போர்க் காலத்து வண்ணம். மேலே கரும்பச்சையும் மண்பழுப்பும், அடியில் ‘ஸ்கை’ என்ற வெளிர்பச்சை. பெயிண்ட் அடித்ததும் பொம்மை மாதிரி இருந்தது. வீடியோக்களில் பார்த்தபடி ஸ்பாஞ்சால் சில்வர் பெயிண்டைத் தொட்டு இறக்கை, உடல், வால், அதன் பின்னால் அசையும் சுக்கான் என்று எல்லா இடத்திலும் ஒற்றினேன். தகடுகள் சேரும் பேனல் கோடுகளில் கறுப்பு வாஷ், அதாவது நீர்த்த பெயிண்ட், ஓட்டினேன். நண்பர் ஒருவர் “போருக்குப் போய்வந்த மாதிரியே இருக்கிறது” என்கிறார். நெடுநாளாக மாடல் செய்யும் பெரியவர் ஒருவரோ, “காயலான் கடைக்குப் போகிற விமானமா?” என்று கேட்டுவிட்டார். எவ்வளவு தேய்மானம், எவ்வளவு அழுக்கு இருந்தால் சரி? சின்னங்களுக்காக ஒட்டிய டெக்கால்களின் ஓரம் வேறு வெள்ளையாக மினுங்குகிறது. அதற்கும் வழி சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

டெக்காலை முதலில் முடித்துவிடுவோம். பளபளப்பில்லாத மேட் பெயிண்ட் சொரசொரப்பானது. அதன்மேல் நேராக டெக்கால் ஒட்டினால் அடியில் காற்று தங்கிவிடும், அதுதான் மினுங்குகிறது. அடுத்த முறை பளபளப்பான கிளாஸ் வார்னிஷ் அடித்து, நன்றாகக் காயவிட்டு, அதன்மேல் ஒட்டுங்கள். இப்போதைக்கு மினுங்கும் இடத்தில் ஊசியால் லேசாகக் குத்தி, டெக்காலை இளக்கும் திரவத்தை ஒரு துளி விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் படிந்துவிடும்.

இனி பெரிய கேள்வி. உங்கள் நண்பருக்கும் அந்தப் பெரியவருக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்ல நான் விரும்பவில்லை. இருவருமே அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஆனால் அளவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கீறலையும் வைக்கும் முன் ‘இது எதனால் வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

சுக்கானை எடுத்துக்கொள்வோம். ஸ்பிட்ஃபயரின் உடலும் இறக்கையும் அலுமினியத் தகடு. சுக்கானும், கிடைவாலில் அசையும் எலிவேட்டர்களும் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டிய துணி. 1940இல் இறக்கை நுனிப்பக்கத்து எய்லெரான்கள்கூடத் துணிதான். துணியில் பெயிண்ட் செதில் செதிலாக உதிர்ந்து உலோகம் பளிச்சிடாது. வெளிறும், அழுக்கேறும், அவ்வளவுதான். ஆகவே உங்கள் சுக்கானில் இருக்கும் சில்வர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அந்த இடத்தில் அதற்கு வேலையே இல்லை. இதே கணக்கு மற்ற விமானங்களுக்கும் பொருந்தும். ஹரிகேனில் விமானி அறைக்குப் பின்னால் உடல் முழுக்கத் துணி. மஸ்கிட்டோ பெரும்பகுதி மரம். ஜப்பானியரின் கி-61 போன்றவற்றில் வெறும் உலோகத்தின் மேலேயே பிற்பாடு பச்சை பூசினார்கள். அது பாளம் பாளமாக உரிந்ததைப் படங்களில் பார்க்கலாம். அங்கே நீங்கள் தாராளமாகக் கை வைக்கலாம்.

சரி, ஸ்பிட்ஃபயரில் எங்கேதான் தேயும்? விமானி ஏறுவது இடப்பக்கம். கீல் வைத்த சின்னக் கதவு அங்கேதான் இருக்கிறது. அவருடைய பூட்ஸும், அவரை வாரில் கட்டிவிட ஏறிய தரைப்பணியாளரின் பூட்ஸும் இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தைத்தான் மிதித்தன. அங்கே பெயிண்ட் தேய்ந்திருக்கும், மண்ணும் அப்பியிருக்கும். 85 காலன் பெட்ரோல் பிடிக்கும் டாங்குகள் விமானிக்கு முன்னால் இருந்தன. நிரப்பும் மூடி கண்ணாடிக்கு முன்னால், மூக்கின்மேல். அவசரத்தில் சிந்திய பெட்ரோல் அங்கிருந்து பக்கவாட்டில் வழிந்து கறையானது. எஞ்சின் எண்ணெய் அடிவயிற்றில் பின்னோக்கி இழுபட்டுப் படிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் துப்பாக்கி வாய்கள். இறக்கைக்கு நான்காக எட்டு பிரௌனிங் துப்பாக்கிகள். ஒவ்வொன்றுக்கும் 300 ரவை. விடாமல் சுட்டால் ஏறக்குறைய கால் நிமிடம்தான் வரும். தூசியும் ஈரமும் புகாமலும், உயரத்தில் குளிரில் துப்பாக்கி உறையாமலும் இருக்க, இறக்கை விளிம்பில் அந்த வாய்களின்மேல் சிவப்புத் துணித் துண்டுகளை ஒட்டிவிடுவார்கள். முதல் குண்டே துணியைக் கிழித்துக்கொண்டு போகும். கிழிந்த துணி என்றால் விமானம் சுட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறது, இறக்கையின் அடியில் வெடிமருந்துப் புகை பின்னோக்கிப் படிந்திருக்க வேண்டும். துணி முழுதாக இருந்து அடியில் பழைய புகையும் இருந்தால், ரவை நிரப்பிப் புதுத் துணி ஒட்டிவிட்டார்கள், துடைக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை. துணி முழுசு, அடியும் சுத்தம் என்றால் இன்னும் சுடவே இல்லை. ஒரு சென்டிமீட்டர் இடத்தில் அந்த விமானத்தின் ஒரு காலைப்பொழுது இருக்கிறது. ரவை நிரப்ப ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டிய மூடிகளின் திருகுகளைச் சுற்றி நாலைந்து புள்ளி சில்வர் வையுங்கள். அது குண்டடி பட்ட தடமல்ல, ஆயுதப் பணியாளரின் திருப்புளி பட்ட தடம். விமானியின் பெயர் புத்தகங்களில் இருக்கிறது. இவர்களுடைய பெயர் பெரும்பாலும் இல்லை. அவர்கள் கைபட்ட இடத்தைச் சரியாகக் காட்டுவது முக்கியம் என்றே நினைக்கிறேன்.

காலத்தையும் மறந்துவிடாதீர்கள். பிரிட்டன் வான்போர் என்று கணக்கிடுவது 1940 ஜூலை 10 முதல் அக்டோபர் 31 வரை. அப்போது பல விமானங்கள் சில வாரங்களிலேயே வீழ்ந்தன. பெயிண்ட் வெளிறிப் போகிற அளவுக்கு அவை வாழவில்லை. அந்த வகையில் பெரியவர் சொன்னதில் நியாயம் உண்டு. வாலுக்கு முன்னால் உடலைச் சுற்றி வரும் ஸ்கை பட்டை அந்த ஆண்டு நவம்பர் கடைசியில்தான் வந்தது. மாடல் கிட்டில் அந்த டெக்கால் இருந்தால் ஒட்ட வேண்டாம். ‘ஒரு ஸ்பிட்ஃபயர்’ என்று பொதுவாகச் செய்யாமல், ஒரே ஒரு விமானத்தின் புகைப்படத்தை எதிரே வைத்துக்கொண்டு செய்தால் பாதிக் குழப்பம் தானாகத் தீரும்.

அப்புறம் கறுப்பு வாஷ். 1/48இல் 0.3 மில்லிமீட்டர் கறுப்புக் கோடு, உண்மை விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் பிளவு. அப்படித் தகடு பொருத்தியிருந்தால் யாரும் அதில் ஏறியிருக்க மாட்டார்கள். பச்சைமேல் கொஞ்சம் அடர்ந்த பச்சை, பழுப்புமேல் அடர்பழுப்பு, ஸ்கைமேல் சாம்பல் என்று மாற்றிக்கொள்ளுங்கள். அரை மில்லிமீட்டர் சில்வர் புள்ளிகூட நிஜத்தில் 24 மில்லிமீட்டர், கட்டைவிரல் அகலம். ஸ்பாஞ்சு ஒற்றுவது இதைவிடப் பெரிதாகத்தான் விழும். அதனால் மெல்லிய தூரிகையே நல்லது.

இருக்கும் மாடலைக் கழுவி மறுபடி தொடங்க வேண்டியதில்லை. சுக்கான், எலிவேட்டர், எய்லெரான் மூன்றிலும் அதே வண்ணத்தைத் தண்ணியாகக் கரைத்து இரண்டு மூன்று பூச்சு கொடுத்து சில்வரை மூடுங்கள். உடலில் காரணம் சொல்ல முடியாத புள்ளிகளையும் அப்படியே மறையுங்கள். இடது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் இருப்பதைத் தொடாதீர்கள், அது சரியாகவே விழுந்திருக்கும். துப்பாக்கி வாய்களில் துணி முழுதா, கிழிந்ததா என்பதை மட்டும் கடைசி மேட் வார்னிஷுக்கு முன் முடிவு செய்துகொள்ளுங்கள். புகையைப் பூசுவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது.