கோழியும் முட்டையும் இருக்கும்போது மீன் எதற்கு?

கேள்வி: "புரதத்துக்குப் பருப்பு, முட்டை, கோழி எல்லாம் இருக்கின்றனவே. உலக உணவுப் பாதுகாப்பு என்று வந்தால் மட்டும் ஏன் மீனை இழுக்கிறார்கள்?"

உலகத்தில் சுமார் 320 கோடிப் பேருக்கு விலங்குப் புரதத்தில் ஐந்தில் ஒரு பங்காவது மீன், இறால், நண்டு வகையறாவிலிருந்துதான் வருகிறது. சரி, புரதத்தை விடுங்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது பொடிமீனின் முள்ளும் கண்ணும்தான்.

பங்களாதேஷில் மோலா என்று விரல் நீளத்தில் ஒரு மீன். குளம், வயல் என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் தானாகப் பெருகும். முன்பெல்லாம் கெண்டைக் குஞ்சு விடுவதற்கு முன், இதைக் களையாக நினைத்து மருந்து போட்டுக் கொன்றுவிடுவார்கள். டிரினிடாடில் பிறந்த சகுந்தலா ஹரக்சிங் தில்ஸ்டெட் என்ற ஊட்டச்சத்து அறிஞர் அதை ஆராய்ந்தார். வைட்டமின் ஏ ஏராளம், அதுவும் கண்ணிலும் குடலிலும். முள்ளோடு மென்று தின்பதால் கால்சியமும் கிடைக்கிறது. ஒரே குளத்தில் கெண்டை, மோலா இரண்டையும் வளர்த்தாலும் கெண்டை விளைச்சல் குறையவில்லை. கெண்டையைச் சந்தையில் விற்கலாம், மோலா வீட்டுச் சட்டிக்கு. 2021இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. பெரிய மீனைத் துண்டு போட்டால் நடுத்துண்டு அப்பாவுக்கு, வால் அம்மாவுக்கு. பொடிமீன் குழம்பை அப்படிப் பிரிக்க முடியாது, கரண்டியில் வந்தது வந்ததுதான்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் கடலோரம். அம்மா நெத்திலி ஆயும்போது கட்டைவிரலால் தலையைக் கிள்ளி இழுப்பார், குடலும் கூடவே வந்துவிடும். இரண்டும் பூனைக்கு. அது மட்டும் மோலாவாக இருந்திருந்தால், எங்கள் வீட்டிலேயே பூனைக்குத்தான் பார்வை பிரமாதமாக இருந்திருக்கும்!

அப்புறம், நீங்கள் சொன்ன கோழி. எங்கள் பக்கம் விசைப்படகு வலையில் அகப்படும் பொடிசுகளைச் சங்காயம் என்பார்கள். போன முறை ஊருக்குப் போனபோது, விடியற்காலையில் கரைக்குப் போனேன். வலையிலிருந்து உதறிய சங்காயம் குவியலாகக் கிடந்தது. உள்ளே சின்னச் சூடை, காரல், விரல் அளவுகூட வளராத குஞ்சுகள். வீட்டுக்குக் கொஞ்சம் கேட்டேன். "இது கோழித் தீவனத்துக்குண்ணே" என்று சொல்லிவிட்டு, அந்தத் தம்பி மண்வெட்டியால் கூடையில் அள்ளிப்போட்டான்.