பதில்: தையில் மஞ்சளாகிச் சரிந்த கார்த்திகைப்பூக் கொடி

திருகோணமலை நிலாவெளியில் சாடியில் வைத்த கார்த்திகைப்பூ (செங்காந்தள்) தை பிறந்ததும் மஞ்சளாகிச் சரிந்துவிட்டது, தண்ணீரைக் கூட்டியும் தேறவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கொடி சாகவில்லை, உறங்கப் போகிறது. முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். இப்போது ஊற்றுகிற தண்ணீர்தான் கிழங்கை அழுகவைக்கும்.

பற்றைக்காட்டில் இது ஐப்பசி மழைக்கு முளைக்கும், இலை நுனியைச் சுருட்டிப் பக்கத்துப் பற்றையில் தொற்றி ஏறும், கார்த்திகையில் பூக்கும். மாரி முடிந்தால் தண்டு காய்ந்து கிழங்கு மட்டும் மணலுக்குள் கிடக்கும். சாடியிலும் அதே கணக்குத்தான்.

தண்டு தானாகக் காயட்டும். பச்சையாக இருக்கும்போது வெட்டினால் கிழங்கு பருக்காது. பிறகு சாடியை மழை படாத நிழலில் வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் 2 பங்கு மணலும் 1 பங்கு மக்கிய இலைக்குப்பையும் கலந்து, கிழங்கைப் படுக்கையாக 5-6 சென்டிமீற்றர் ஆழத்தில் புதையுங்கள். கலப்பைபோல் வளைந்த அந்தக் கிழங்கில் ஒவ்வொரு கவையின் (பிரிந்த கிளையின்) நுனியில்தான் முளை. அது முறிந்தால் அந்தக் கவையில் இருந்து கொடி வராது. ஏறுவதற்குக் குச்சியும் மெல்லியதாக இருக்கட்டும், தடித்த கம்பை இலை நுனி பிடிக்காது.

கிழங்கைத் தொடும்போது கையுறை கட்டாயம். வத்தாளங்கிழங்கென்று (சர்க்கரைவள்ளி) நினைத்து இதை அவித்துத் தின்று இறந்தவர்கள் இலங்கையில் உண்டு. அவித்தாலும் இதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு போகாது.