அதிபர் அம்மாவுக்குப் 'பேராண்மை' எழுதலாமா?

மட்டக்களப்புப் பக்கத்துப் பெரியகல்லாற்றிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார்: "எங்கட பள்ளிக்கூட அதிபர் அம்மா ஓய்வு பெறுறா. பாராட்டு மடல் எழுதுற வேலை என்ர தலையில. 'பேராண்மை மிக்க அம்மையே' என்று எழுதி வாசிச்சன். விழாக்குழுவில இருந்த எல்லாரும் சிரிச்சிட்டாங்க. ஆண்மை என்றால் ஆம்பிளைத்தனம் மட்டுந்தானா? மடல் அச்சுக்குப் போகவேணும்."

தம்பி, சிரித்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்களும் முழுப் பிழை விடவில்லை.

'ஆண்மை'யை ஆண் + மை என்றும் பிரிக்கலாம், ஆள் + மை என்றும் பிரிக்கலாம். ளகரத்துக்குப் பின்னால் மகரம் வந்தால் ளகரம் ணகரமாகிவிடும். கேள் + மை கேண்மை ஆனதும், நாள் + மலர் நாண்மலர் ஆனதும் இப்படித்தான். ஆகவே எழுத்தைப் பார்த்து எந்த ஆண்மை என்று சொல்ல முடியாது, வந்த இடத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

குறளிலேயே இரண்டும் இருக்கின்றன. 'நல்லாண்மை என்பது ஒருவற்குத் தான்பிறந்த இல்லாண்மை ஆக்கிக் கொளல்' என்கிறது 1026ஆம் குறள். இங்கே இல்லாண்மை என்பது குடியை ஆளும் தன்மை. பரிமேலழகரும் அப்படித்தான் உரை சொல்கிறார். ஆளுவதற்கு மீசை தேவையில்லை. மூதாட்டி, சீமாட்டி என்கிறோமே, அந்த 'ஆட்டி'யும் இதே 'ஆள்' வழி வந்ததுதான்.

பேராண்மையின் கதை வேறு. 773ஆம் குறளில் அது பகைவர் முன் காட்டும் அஞ்சாமை. 148இல் 'பிறன்மனை நோக்காத பேராண்மை', அதாவது அடுத்தவன் மனைவியை ஏறிட்டும் பாராத உறுதி. (பஸ் நிலையச் சுவரில் 'ஆண்மைக் குறைவா?' என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்கள் இந்தக் குறளைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ!) இரண்டு இடத்திலும் மனசில் நிற்பது ஒரு ஆண்மகன்தான். உங்கள் வரி இடறியது இங்கேதான்.

'வீரியம்' என்று மாற்றலாமா என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது வடசொல், ஆண்மகனையும் வீரனையும் குறிக்கும் 'வீர' என்பதிலிருந்து வந்தது. இன்றைக்கு அது பூச்சிமருந்துக்கும் வைத்தியர் விளம்பரத்துக்குமே உரியதாகிவிட்டது.

நம் பக்கத்தில் 'ஆண்மை' என்று முடிந்து நாள்தோறும் வாயில் புழங்குகிற ஒரு சொல்லும் உண்டு: வேளாண்மை. 'வேளாண்மை வெட்டியாச்சா?' என்று கேட்கிறபோது அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, வயலில் நிற்கிற நெல்தான் இருக்கிறது. வள்ளுவரிடமோ வேளாண்மை என்றால் பிறருக்கு உதவுதல். அதை நம்பி 'வேளாண்மை மிக்க அம்மை' என்று எழுதினால், வாவிக்கு மேற்கே வயல்கள் நிறைந்த படுவான்கரையில் அம்மா எத்தனை ஏக்கர் செய்யிறா என்று சபை கேட்கும்.

என்னைக் கேட்டால் 'தாளாண்மை' போடுங்கள். தாள் என்றால் முயற்சி. விடாமுயற்சியைத் தன் கையில் வைத்து ஆளும் பண்பே தாளாண்மை. 'தாளாண்மை என்னும் தகைமைக்கண் தங்கிற்றே வேளாண்மை என்னும் செருக்கு' என்பது 613ஆம் குறள். முயற்சி இருக்கிறவரிடந்தான் உதவுகிற பெருமிதமும் தங்கும் என்கிறது. ஒரு பள்ளிக்கூடத்தைத் தூக்கி நிறுத்தியவருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தோன்றவில்லை. 'தாளாண்மையால் எம்மை ஆளாக்கிய அம்மையே' என்று தொடங்கலாம். எளிமையாக வேண்டுமென்றால் 'ஆளுமை மிக்க' போதும். அதற்கு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம். வேளாண்மையை 'வேளாமை' என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. மேடையில் வாசிக்கிறவர் அதே வேகத்தில் 'தாளாமை' என்று வாசித்துவிட்டால், பொறுக்க மாட்டாமை என்று பொருள் மாறிவிடும். அச்சுப்படி வந்ததும் அந்த 'ண்' விழாமல் இருக்கிறதா என்று பாருங்கள், வாசிப்பவரை இரண்டு தரம் சத்தமாகச் சொல்ல வையுங்கள்.